புதுவைக் கடற்கரையில் தலை கவிழ்ந்த வீரன்

விழுப்புரத்திலிருந்தும் சரி, திண்டிவனத்திலிருந்தும் சரி, புதுவை சுமார் 40 கிலோமீட்டர் தூரந்தான். விடுமுறையில் அங்குச் செல்லும் நாம் கடற்கரையில் காந்தி சிலையைப் பார்க்கிறோம், சுண்டல் வாங்கித் தின்கிறோம், திரும்பி விடுகிறோம். அதே சாலையில், உயர்ந்த வெண்ணிறத் தூண்களுக்கு முன்னே தலை கவிழ்ந்து நிற்கும் போர்வீரன் சிலையை நின்று நோக்குபவர் சிலரே. யார் அவன்?

1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில், பிரான்சின் படையில் சேர்ந்து மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களின் நினைவுச் சின்னம் அது. 1938 ஏப்ரல் 3ஆம் நாள் ஆளுநர் க்ரோசிக்கியா அதைத் திறந்து வைத்தார். புதுவைப் பேராயர் கொலாஸ் ஆண்டகை மந்திரித்தார். தாய்நாட்டிற்காக உயிர் நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கு என்னும் பொருளில் பிரெஞ்சு மொழியில் அங்கே எழுதப்பட்டுள்ளது.

மாணவியரே, இங்கு ஒரு கேள்வி எழுகிறதன்றோ? தமிழ் பேசிய அவர்களுக்குக் கடல் கடந்த பிரான்சு எப்படித் தாய்நாடாயிற்று?

1881ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியக் குடிமை வழக்கங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் பெற்றனர். அவர்களுள் கிறிஸ்தவர்களும், சாதிக் கொடுமையால் நொந்த ஏழைகளும் பலர். அவர்களுக்குப் படைவேலை என்பது சம்பளம் மட்டுமன்று. மனிதராக மதிக்கப்படும் வாய்ப்புமாகும். பலர் இன்றைய வியட்நாம் உள்ளிட்ட அக்காலப் பிரெஞ்சு இந்தோசீனாவிலும் பணியாற்றினர். வயல்களினூடே ஓடிய எல்லைக்கு அப்பால், நமது தென்னார்க்காட்டில், ஆங்கிலேயர் ஆட்சி. அந்த ஆட்சியின் படையில் சேர்ந்து பிரான்சு மண்ணில் மடிந்த இந்தியருக்கு, 1927இல் நெவ் ஷப்பேல் என்னுமிடத்தில் நினைவாலயம் எழுந்தது. ஆண்ட கொடிகள் இரண்டு. சிந்திய இரத்தம் ஒன்றே.

1954 நவம்பர் 1இல் புதுவையின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962இல் ஒப்பந்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, எந்த நாட்டின் குடிமக்களாக இருப்பது என்று முடிவு செய்ய ஆறு மாதத் தவணை தரப்பட்டது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தியர், தம்பி பிரெஞ்சுக்காரர் என்றும் ஆயிற்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவரை ஊர்மக்கள் 'சொல்தா' என்றே அழைத்தனர். அவருக்குப் பின் அவர் மனைவிக்கும் ஓய்வூதியத்தில் பங்கு உண்டு. கணவர் கண்ட போர்க்களத்தை ஒருநாளும் காணாத அப்பெண்களே அந்தப் போர்களின் சுமையை வீட்டில் நெடுங்காலம் சுமந்தவர்கள்.

இன்றும் ஜூலை 14ஆம் நாள், பிரெஞ்சுத் தேசிய விழாவில், நெஞ்சில் பதக்கங்களுடன் முன்னாள் வீரர்கள் அச்சின்னத்தின் முன் கூடுகின்றனர். மலர்வளையம் வைக்கப்படுகிறது, இரு நாடுகளின் தேசிய கீதங்களும் ஒலிக்கின்றன. முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஆம் நாளிலும் அங்கே அஞ்சலி உண்டு. முதியவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.

நவம்பர் நமக்கு மரித்த விசுவாசிகளின் மாதம். மேலும் 11ஆம் நாள், தன் போர்வையை வாளால் இரண்டாக்கி ஏழைக்கு ஒரு பாதியைக் கொடுத்த போர்வீரரான புனித மார்ட்டினின் திருநாள்! போரை நாம் புகழ வேண்டியதில்லை. அந்நிய ஆட்சியைப் போற்ற வேண்டியதுமில்லை. ஆனால் வறுமையாலும் கடமையாலும் தொலைதூரம் சென்று திரும்பாத நம்மவரை மறப்பது நன்றியாகுமா?

அடுத்த முறை புதுவைக்குச் செல்கையில், சுண்டல் வாங்குமுன் அங்கே சற்று நில்லுங்கள். தலை கவிழ்ந்த அவ்வீரனுக்காக ஒரு சிறு செபம் சொல்லுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும்.