சொல்லாமல் போகலாமா?

எங்கள் பெரியப்பா முன்யோசனைக்குப் பெயர் போனவர். ஐப்பசி மழைக்கு ஆவணி மாதமே ஓடு மாற்றிவிடுவார். பெண்ணுக்கு வரன் தேடத் தொடங்குவதற்கு மூன்று வருஷம் முன்னதாகவே வெள்ளிப் பாத்திரங்களை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தவர். எந்த ஊருக்குப் புறப்பட்டாலும், ரயில் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருப்பார். ஆனால், எல்லோரும் ஒரு நாள் போயே தீரவேண்டிய பிரயாணம் ஒன்று இருக்கிறதல்லவா? அதற்கு மட்டும் அவர் ஓர் ஏற்பாடும் செய்து வைக்கவில்லை.

ஒரு நாள் விடியற்காலையில் மூளையில் இரத்தக் குழாய் வெடித்து, நினைவிழந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் சுவாச யந்திரம் பொருத்தினார்கள். பத்தாம் நாள் டாக்டர் வெளியே வந்து, "இனி நினைவு திரும்பும் என்ற நம்பிக்கை எனக்கில்லை. மேற்கொண்டு என்ன செய்யலாம் என்று நீங்கள் கலந்து சொல்லுங்கள்" என்றார்.

மூத்த மகன், "அப்பாவை நிம்மதியாகப் போகவிடுவோம்" என்றான். இளையவன், "அப்பாவைக் கொன்றுவிடச் சொல்கிறாயா?" என்று கூவினான். பெரியம்மாவின் முகத்தை எல்லோரும் பார்த்தோம். 52 வருஷம் அவரோடு குடித்தனம் நடத்திய அந்த அம்மாள், சுவரில் சாய்ந்தபடி, "அவர் மனசில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியவில்லையே!" என்று மட்டும் சொன்னாள்.

பெரியப்பா 19-ஆம் நாள் காலமானார். அன்று முதல் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. சொத்துத் தகராறு என்று ஊரார் சொல்கிறார்கள். அது உண்மையல்ல. தகப்பனாரின் மனம் இன்னதென்று தெரியாமற்போனதே அந்தப் பகைக்குக் காரணம்.

சாவைப் பற்றி வீட்டில் வாய் திறந்தால் அபசகுனம் என்பது நம்முடைய வழக்கம். உயில் எழுதினால் ஆயுள் குறைந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஜவாஹர்லால் நேருவை நினைவூட்ட விரும்புகிறேன். பிரதம மந்திரியாக ஓயாது உழைத்துக்கொண்டிருந்த 1954-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் அவர் தமது மரண சாஸனத்தை எழுதினார். அப்போது அவருக்கு வயது 64. அதன் பிறகும் ஏறத்தாழப் பத்து வருஷம் வாழ்ந்து, 1964 மே 27-ஆம் தேதி காலமானார்.

தம் அஸ்தியில் ஒரு பிடியை, இன்று பிரயாக்ராஜ் எனப்படும் அலகாபாத்தில், தாம் பிள்ளைப் பிராயம் முதல் நேசித்த கங்கையில் விட வேண்டும் என்றும், பெரும் பகுதியை விமானத்திலிருந்து குடியானவர்கள் பாடுபடும் வயல்களின்மேல் தூவ வேண்டும் என்றும் அதில் அவர் எழுதியிருந்தார். அவ்வாறே நடந்தது. சமயச் சடங்குகள் வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். ஆனால் தகனத்தின்போது சடங்குகள் நடக்கத்தான் செய்தன. எழுதி வைத்தால் மட்டும் போதாது, உற்றாரிடம் மனம்விட்டுச் சொல்லியும் வைக்க வேண்டும் என்று இதிலிருந்து நான் அறிந்துகொள்கிறேன்.

உயில் எழுதுவது பலர் நினைப்பது போலப் பெரிய காரியம் அல்ல. முத்திரைக் காகிதம் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். எழுதுகிறவர் கையெழுத்திட வேண்டும்; அதைக் கண்ட சாட்சிகள் இருவர் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும். 1925-ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டம் கேட்பது இவ்வளவுதான். சொத்துப் பெறுகிறவரைச் சாட்சியாக வைக்காமலிருப்பது விவேகம். பதிவு செய்வது கட்டாயமன்று. செய்தால் பிற்பாடு வழக்கு வரும்போது பலம். மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியில் எழுதியதே செல்லும்.

"பாங்கியில்தான் நாமினியின் பெயர் கொடுத்திருக்கிறேனே!" என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பாங்கியிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளத்தான் நாமினிக்கு அதிகாரம். அதனால் மட்டும் பணம் அவருடையதாகிவிடாது. உயிலின்படியோ வாரிசுரிமைப்படியோ உரியவர்களுக்கு அதைச் சேர்ப்பிப்பது அவர் கடமை. உயில் எழுதாமல் இறந்த ஓர் ஹிந்துவின் சுயார்ஜித சொத்து, 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி, மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகிய எல்லோருக்கும் சமபங்காகச் சேரும். மகன்களுக்கு மட்டுமே என்று எண்ணுகிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன.

இனி, எங்கள் பெரியப்பா வீட்டைப் பிளந்த அந்தக் கேள்விக்கு வருகிறேன். 2018 மார்ச் 9-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், கண்ணியமாக மரணமடைவதும் வாழ்வுரிமையைச் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தார்கள். மீளமுடியாத நோயில் கிடந்து, பேசும் சக்தியும் இழந்துவிட்டால், உயிரை இழுத்துப் பிடிக்கும் சிகிச்சை தமக்கு வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பதினெட்டு வயது நிரம்பிய எவரும் தெளிந்த புத்தியுடன் முன்கூட்டியே எழுதி வைக்கலாம். முதலில் இதற்கு மாஜிஸ்திரேட்டின் கையொப்பம் வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் கோர்ட் இதை எளிதாக்கியது. இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட் பதவி பெற்ற அதிகாரி ஒருவரின் கையொப்பமும் இருந்தால் போதும். தம் சார்பில் பேச வேண்டியவர்கள் யார் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும்.

காகிதத்தைக் கண்டவுடன் யந்திரத்தை நிறுத்திவிடுவார்கள் என்று யாரும் பயப்பட வேண்டாம். இரண்டு டாக்டர் குழுக்கள் தனித்தனியே பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே எதுவும் நடக்கும். அப்போதும் வலியைத் தணிக்கும் மருந்தும் பணிவிடையும் நிற்பதில்லை.

சென்ற தை மாதம் ஒரு மாலை, இவற்றையெல்லாம் எழுதலாமென்று காகிதத்தோடு உட்கார்ந்தேன். "வெள்ளிக்கிழமையும் அதுவுமாக உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்று என் மனைவி கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் எழுதி முடித்து, அவளையும் குழந்தைகளையும் அழைத்து உரக்கப் படித்தேன். எல்லோர் கண்களும் கலங்கின. ஆயினும் யாரும் எழுந்து போகவில்லை.

அன்றிரவு சமையலறையை ஒழித்துவிட்டு வந்த என் மனைவி மெதுவாக, "இன்னும் ஒரு தாள் இருக்கிறதா?" என்று கேட்டாள்.

"எதற்கு?" என்றேன்.

"எனக்கும் மனசில் சில விஷயங்கள் இருக்கின்றன. நீங்களாக ஊகித்துக்கொண்டு தவிக்க வேண்டாமே!" என்றாள்.

ஊகித்துக்கொண்டு தவித்த பெரியம்மாவை நினைத்துக்கொண்டே தாளை எடுத்துக் கொடுத்தேன்.