மண்டையால் அடைத்த வாசல்

நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் மாசிக்காய் சிலவற்றில் சின்னதாய், வட்டமாய் ஒரு துளை இருக்கும். சொத்தை என்று ஒதுக்கிவிடுவோம். மாசிக்காய் மரத்தில் காய்ப்பதே இல்லை. மேற்காசிய ஓக் மரத்தில் ஒரு பொடிக் குளவி முட்டையிட்ட இடம் வீங்கித் திரண்டதுதான் அது. உள்ளே புழு தின்று வளர்ந்து, குளவியாகி, சுவரைக் கடித்து வெளியேறிய வழி அந்தத் துளை. பிள்ளைக்கு உரைமருந்தில் உரசிக் கொடுப்பது குளவி காலிசெய்த வீட்டை. துளையில்லாத காய்க்கு மதிப்பு அதிகம், துவர்ப்பு கூடுதல் என்பதால். அதில் குடித்தனக்காரர் வெளியே வரவே இல்லை!

இந்தக் குடும்பத்துக் குளவி ஒன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாப் பக்கம் ஓக் மரக் கிளைகளில் வாழ்கிறது. பெயர் பாசெட்டியா பல்லிடா. பட்டைக்கு அடியில் ஆளுக்கொரு சிற்றறை. வளர்ந்ததும் இதுவும் துளை போட்டுப் பறந்துவிடும்.

ஆனால் சில துளைகள் வழக்கத்தைவிடச் சிறுத்திருக்கும். அவற்றில் குளவியின் தலை தக்கை மாதிரிச் செருகிக் கிடக்கும்.

அப்படிச் சிக்கவைப்பது இன்னொரு குளவி, யூடெரஸ் செட். சுமார் 2 மில்லிமீட்டர் நீளம். பொன்வண்டு போல நீலமும் பச்சையுமாக மினுங்கும். இதன் தாய் அந்தச் சிற்றறைக்குள் முட்டையிடுகிறது. பிறகு நடப்பதுதான் விசித்திரம். வீட்டுக்காரக் குளவி தானே துளையைக் கடிக்கத் தொடங்குகிறது, முழுதாக முடிக்காமல் மண்டையை மட்டும் நுழைத்து நின்றுவிடுகிறது. யூடெரஸ் புழு அதன் உள்ளுடம்பைத் தின்று, அதற்குள்ளேயே கூட்டுப்புழுவாகிறது. சிறகு வந்ததும் அந்த மண்டையைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது.

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடைபட்ட தலைகள் மேல் பட்டைத் துண்டை ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். பட்டை ஒட்டாதவற்றைவிட, வெளியேற முடியாமல் செத்த யூடெரஸ்கள் ஏறக்குறைய 3 மடங்கு. மண்டை ஓட்டைத் துளைக்கிற தாடை மரப்பட்டையிடம் திணறுகிறது. கடினமான வேலையை இரையின் தலையில் கட்டிவிட்டது இந்தக் குளவி, நிஜமாகவே.

2017-இல் இதற்குப் பெயர் வைத்தபோது எகிப்தியப் புராணத்தைப் புரட்டினார்கள். அண்ணன் ஓசிரிசைப் பெட்டியில் அடைத்துக் கொன்று, பிறகு உடலைக் கூறுபோட்ட தெய்வம் செட்.