டில்லி மறுத்தது! கொழும்பு கொடுத்தது!

அத்திப்பட்டிலிருந்து சென்னைக்கு ரெயில் ஏறினால் ஒரு மணி நேரப் பயணம். கொழும்பு நகரமோ சுமார் 700 கிலோமீட்டர் தூரத்தில், கடலுக்கு அப்பால் இருக்கிறது. ஆனாலும் 1950-களில் சென்னை வட்டாரத்தில் சினிமாப் பாட்டுக் கேட்க ஆசைப்பட்டவர்கள், பக்கத்தில் இருந்த சென்னை வானொலியை விட்டுவிட்டுக் கொழும்புக்குத்தான் ரேடியோ முள்ளைத் திருப்பினார்கள்.

ஏன் தெரியுமா?

மந்திரி போட்ட தடை

1952-ல் மத்திய சர்க்காரில் ஒலிபரப்பு மந்திரியாக வந்தவர் பி.வி.கேஸ்கர். கர்நாடக சங்கீதத்திலும் இந்துஸ்தானி சங்கீதத்திலும் பற்று உள்ளவர். சினிமாப் பாட்டு என்றால் அவருக்கு ஆகாது. மக்களின் ரசனையை அது கெடுக்கிறது என்று நினைத்தார்.

ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டுகள் குறைக்கப்பட்டன. போட்ட பாட்டுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக்கூடாது. சொன்னால் அது விளம்பரம் ஆகிவிடும் என்றார்கள். பட முதலாளிகளுக்குக் கோபம் வந்தது. பாட்டுகளை ஒலிபரப்பும் உரிமையைத் திரும்ப வாங்கிக் கொண்டார்கள். கொஞ்ச காலத்தில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போய்விட்டது.

நல்ல சங்கீதம் நாட்டில் பரவவேண்டும் என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் பகல் முழுவதும் உழைத்துவிட்டு வந்தவன் எதைக் கேட்டு இளைப்பாறுவது என்பதை டில்லியில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியுமா?

போர் தந்த பரிசு

அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு பெரிய கருவி தயாராக இருந்தது. இரண்டாவது உலகப்போரின்போது தென்கிழக்கு ஆசியப் படைகளுக்குத் தளபதி மவுண்ட்பேட்டன். அவருடைய சிப்பாய்களின் பொழுதுபோக்குக்காக இலங்கையில் ஒரு வானொலி அமைத்தார்கள். போர் முடிந்த பிறகு அந்தச் சக்தி வாய்ந்த ஒலிபரப்பிக் கருவி இலங்கை சர்க்காரின் கைக்கு வந்தது.

அது "ஷார்ட் வேவ்" எனப்படும் சிற்றலையில் ஒலிபரப்பியது. சிற்றலை வானத்தை நோக்கிச் செல்லும். மிக உயரத்தில் மின்சக்தி ஏறிய காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. அதில் மோதி, சுவரில் அடித்த பந்துபோலப் பூமிக்குத் திரும்பும். அதனால்தான் கடலும் மலையும் அதற்குத் தடை இல்லை. சில சமயம் பாட்டு பெரிதாகக் கேட்கும். சில சமயம் தேய்ந்து போகும். கூரைமேல் ஏரியல் கம்பியை உயர்த்திக் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்!

பற்பசை கொடுத்த பாட்டு

1950-ல் ரேடியோ சிலோன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்திய வானொலியில் அப்போது விளம்பரத்துக்கு இடமில்லை. சோப்பு, பற்பசை விற்ற கம்பெனிகள் கொழும்புக்குப் பணம் கட்டின. 1952-ல் தொடங்கிய "பினாகா கீத்மாலா" என்ற இந்திப்பாட்டு நிகழ்ச்சி பற்பசை விளம்பரத்துக்காக வந்ததுதான். அமீன் சயானி அதைப் பம்பாயில் பேசிப் பதிவு செய்வார். ஒலிநாடா கொழும்புக்குப் போகும். அங்கிருந்து பாட்டு மறுபடி இந்தியாவுக்கே வரும்!

மேல்நாட்டு "ராக் அண்ட் ரோல்" துள்ளல் பாட்டையும் இந்திய இளைஞர்கள் பலர் முதலில் கேட்டது இந்த நிலையத்தின் ஆங்கில ஒலிபரப்பில்தான்.

தமிழ் ஒலிபரப்பில் எஸ்.பி.மயில்வாகனம் கொடிகட்டிப் பறந்தார். விறுவிறுப்பான பேச்சு, பாட்டு வருவதற்கு முன்பே ஆவலைக் கிளப்பிவிடுவார். பின்னாளில் கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்களும் தமிழ்நாட்டு வீடுகளில் சொந்தக்காரர் குரல்போலப் பழகிவிட்டன. நேயர்கள் கடிதம் எழுதிப் பாட்டுக் கேட்பார்கள். அறிவிப்பாளர் பெயரையும் ஊரையும் வாசிப்பார். பத்திரிகையில் ஒரு நாளும் பெயர் வராத குடும்பத்துக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து விசாரிப்பார்களே!

டில்லி இறங்கி வந்தது

காதுகள் கொழும்புக்குப் போய்விட்டதை டில்லி கவனித்தது. 1957 அக்டோபர் 3-ந்தேதி "விவித பாரதி" பிறந்தது. அதில் சினிமாப் பாட்டு உண்டு. அப்போதும் மந்திரி கேஸ்கர்தான்! விளம்பரம் மட்டும் 1967-ல்தான் வந்தது.

அதே 1967-ல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறியது. 1972-ல் நாட்டின் பெயர் ஸ்ரீலங்கா ஆனபோது நிலையத்தின் பெயரும் மாறியது. தமிழ்நாட்டு நேயர்கள் அதன் பிறகும் "சிலோன் ரேடியோ வை" என்றுதான் சொன்னார்கள்.