அமைச்சராக்கியதற்குக் காரணம் சொல்ல வேண்டாமா?

குற்ற வழக்கு உள்ள ஒருவரைக் கட்சி வேட்பாளராக நிறுத்தினால், ஏன் அவரை நிறுத்தினோம், வழக்கில்லாத வேறொருவர் ஏன் கிடைக்கவில்லை என்பதை எழுதி வெளியிட வேண்டும். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு இது. ஜெயிக்கக்கூடியவர் என்பது மட்டும் காரணம் ஆகாது என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே மனிதர் ஜெயித்து வந்து அமைச்சராகும்போது யாரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக் கேட்பவருக்கு உள்ள கட்டுப்பாடு, ஒரு துறையின் பணத்தையும் பணியிடங்களையும் கையில் வாங்குபவருக்கு இல்லை என்பது பெரிய ஓட்டை.

அரசியல் சாசனத்தின் 164ஆவது பிரிவுப்படி, முதலமைச்சரின் ஆலோசனையை ஏற்று ஆளுநர் அமைச்சர்களை நியமிக்கிறார். அமைச்சரவை ஆளுநருக்குச் சொன்ன ஆலோசனையை நீதிமன்றம் தோண்டிப் பார்க்க முடியாது. எண்ணிக்கைக்கு மட்டும் 2003இல் வரம்பு வந்தது: சட்டமன்ற உறுப்பினர்களில் 15 சதவீதம். 234 பேர் கொண்ட தமிழ்நாட்டில் 35 பேர்.

சட்டப்படி தகுதியே இழந்தவர் பதவியில் உட்கார்ந்தால் வழி இருக்கிறது. 'எந்த உரிமையில் இந்தப் பதவியில் இருக்கிறீர்கள்' என்று கேட்கும் கோ வாரண்டோ மனுவை உயர் நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் போடலாம். ஊழல் வழக்கில் தண்டனை பெற்றிருந்த ஜெயலலிதா 2001இல் முதலமைச்சராக்கப்பட்டதை உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று ரத்து செய்தது இந்த வழியில்தான். பொதுவாக இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை வந்தாலே உறுப்பினர் பதவி போய்விடும். மேல்முறையீடு செய்து பதவியில் தொடர இருந்த சலுகையும் 2013இல் செல்லாதென்று ஆகிவிட்டது.

தீர்ப்பு வராமல் வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போது இது எதுவும் உதவாது. நீதிமன்றத்தில் கடுமையான குற்றச்சாட்டு பதிவானவர்களை அமைச்சராக்க வேண்டாம் என்று 2014இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அறிவுரை சொன்னது. தடை விதிக்கவில்லை. முடிவைப் பிரதமர், முதலமைச்சர்களின் மனசாட்சிக்கே விட்டுவிட்டது.

அதனால் என்ன நடக்கிறது என்பதற்குப் போக்குவரத்துக் கழக வேலை வழக்கைப் பாருங்கள். 2011க்கும் 2015க்கும் இடையில் செந்தில் பாலாஜி போக்குவரத்து அமைச்சராக இருந்தபோது ஓட்டுநர், நடத்துநர் வேலைக்குப் பணம் வாங்கப்பட்டது என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிரூபிக்கப்படவில்லை. பணம் கொடுத்தவர்களோடு சமரசம் ஆகிவிட்டது என்ற பேரில் 2021இல் ரத்தான ஒரு வழக்கை, ஊழல் வழக்கை அப்படி முடிக்க முடியாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மீண்டும் உயிர்ப்பித்தது. அது சரி. பணம் கட்ட வழியில்லாமல் வேலை வாய்ப்பை இழந்தவர் அந்தச் சமரசத்தில் எங்கே இருந்தார்? இதே விவகாரத்திலிருந்து எழுந்த பணமோசடி வழக்கில் 2024 செப்டம்பர் 26 அன்று செந்தில் பாலாஜிக்கு ஜாமீன் கிடைத்தது. 29 அன்று அவர் மறுபடி அமைச்சரானார். அமைச்சரை எதிர்த்துச் சாட்சிகள் எப்படி வாய் திறப்பார்கள் என்ற கவலையோடு உச்ச நீதிமன்றத்துக்கு மனு போனது. பதவியா, ஜாமீனா என்று நீதிமன்றம் கேட்டது. 2025 ஏப்ரலில் அவர் விலகினார். சாட்சிக்கு ஆபத்து என்று காட்ட முடிந்தால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம். இந்த வழி பலருக்குத் தெரிவதில்லை.

தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால் அமைச்சர் பதவி பறிபோகும் என்ற அரசியல் சாசனத் திருத்த மசோதா 2025 ஆகஸ்டில் மக்களவைக்கு வந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. கைது செய்யும் அதிகாரம் ஆள்பவர்களின் அமைப்புகளிடம் இருக்கிறது. நீதிபதி ஆவணங்களைப் பார்த்துக் குற்றச்சாட்டைப் பதிவு செய்யும் நாளை எல்லைக்கோடாக வைப்பதே நியாயம்.

சட்டம் மாறும்வரை நம் கையில் உள்ள முதல் ஆயுதம் படிவம் 26. வேட்பாளர் தாக்கல் செய்த இந்தப் பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும். எத்தனை வழக்கு என்று எண்ணுவதோடு நிறுத்தாதீர்கள். குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்று பாருங்கள். அரசோடு அவருக்கும் மனைவி அல்லது கணவருக்கும் உள்ள ஒப்பந்தங்கள் அதிலேயே வரும். அவர் அமைச்சராகியிருந்தால், அவருக்குக் கொடுத்த துறையோடு அவற்றை ஒப்பிடுங்கள். கல்குவாரி நடத்துபவர் கையில் கனிமவளத் துறை போயிருந்தால் கேட்க வேண்டிய கேள்வி தானாகவே புரியும். பொய்த் தகவல் தந்தால் ஆறு மாதம் வரை சிறை உண்டு.

அமைச்சர்களுக்கான நடத்தை விதிகள், சொத்தையும் தொழில் தொடர்பையும் முதலமைச்சரிடம் தெரிவிக்கச் சொல்கின்றன. தெரிவித்தாரா, எந்தத் தேதியில் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். தனிப்பட்ட தகவல் என்று மறுத்தால், பொதுநலன் மேலோங்கினால் தரலாம் என்னும் 8(2) பிரிவைச் சுட்டி மேல்முறையீடு செய்யுங்கள். அமைச்சர் மீது ஊழல் புகார் என்றால் லோக் ஆயுக்தா இருக்கிறது. பொய்ப் புகாருக்குத் தண்டனை உண்டு என்பதால் ஆவணம் இல்லாமல் போக வேண்டாம்.

பதவியேற்பு நாளன்றே ஒவ்வொரு அமைச்சரின் வழக்கு நிலையையும் தொழில் தொடர்பையும், அவரை அந்தத் துறைக்குத் தேர்ந்த காரணத்தையும் முதலமைச்சர் வெளியிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எந்தக் கட்சியாக இருந்தாலும் இதைச் சட்டமன்றத்தில் கேட்கச் சொல்லி எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.