பெரிய ரைஃபிள் மலிவாக விலைக்கு வந்தால்...

ஜாசின் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் சந்தாக் கணக்குப் பார்த்துவிட்டு நாம் கிளம்பும் நேரத்தில் ஓர் இளைஞர் தனியாக அழைத்தார். "அண்ணே, பழைய ரைஃபிள் ஒண்ணு விலைக்கு வருது. பெரிய குண்டு போடுறதாம். பன்னித் தொல்லை தாங்கல. வாங்கிப் போடலாமா?" என்றார். விற்பவர் யார் என்று நாமும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கேள்வி அவர் ஒருவருடையது மட்டுமல்ல. செம்பனைக் கன்றுகளையும் லயத்துக்குப் பின்னால் போட்ட மரவள்ளியையும் பன்றி கிளறிப் போட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆகவே விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேசுவோம்.

முதலில் பெரிய குண்டு என்றால் என்ன? அவசரகாலத்தில் (1948-1960) நமது தோட்டங்களைக் காவல் காத்த ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களின் கையில் இருந்தது .303. அதாவது குழலின் வாய் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முந்நூற்று மூன்று பங்கு. மனிதனைச் சுடச் செய்த துப்பாக்கி அது. யானை, காட்டெருமை, புலி என்று போனவர்கள் .400, .450, .470 என்று பெரிதாக வைத்திருந்தார்கள். கம்பத்தில் சிலரிடம் இருக்கும் செனாப்பாங் பாத்தாவின் கணக்கோ வேறு. குழலுக்குச் சரியான ஈயக் குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல் என்பதால்தான் அதற்குப் 'பன்னிரண்டு போர்' என்று பெயர்.

இந்தப் பெரிய துப்பாக்கிகள் யார் கையில் இருந்தன என்பதும் நமக்குத் தெரிய வேண்டும். இந்தியாவில் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வந்தபோது இந்தியனுக்கு லைசென்ஸ் வேண்டும் என்றார்கள், வெள்ளைக்காரருக்கு விலக்கு. பிறகு 1907 வாக்கில் .450 ரகத்தை இந்தியாவுக்குக் கொண்டுவரவே தடை போட்டார்கள். பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றியும் அதே அளவு, அந்தத் தோட்டா கலகக்காரர் கைக்குப் போய்விடும் என்ற பயம். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று குழலைச் சற்று மாற்றிச் செய்து விற்றன. துரைமாரின் வேட்டை நிற்கவில்லை.

நம்மில் பலருடைய பாட்டன் பாட்டிமார் சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர்கள். அந்தச் சேலத்துக் காட்டில், ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டவர் கென்னத் ஆண்டர்சன். 1910-இல் பிறந்து 1974-இல் மறைந்த பெங்களூர்க்காரர். அவர் பேர் சொல்லும் துப்பாக்கி .405 வின்செஸ்டர், 1895 மாடல். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குத் தூக்கிப் போனதும் அதே ரகம்தான். ஆண்டர்சனின் கதைகளில் துப்பாக்கியைவிட நமக்குப் பெரிதாகப் படுவது பைரா என்ற காட்டுவாசிப் பூசாரி. தடம் பார்த்தது அவன் கண். துப்பாக்கிக்காரர் பேர் அட்டையில் வரும், தடம் பார்த்தவன் பேர் உள்ளே எங்கேயோ வரும். போகட்டும்.

இப்போது பழைய துப்பாக்கியின் குணத்துக்கு வருவோம். இதற்கு ஜிம் கார்பெட் எழுதியதைவிட நல்ல சாட்சி கிடையாது. 1907-இல் சம்பாவத் என்ற ஊரில் 436 பேரைத் தின்றதாகக் கணக்கு வைத்திருந்த புலியை அவர் துரத்தினார். தம்மிடமிருந்த மூன்று தோட்டாவும் தீர்ந்துபோக, தாசில்தாரின் பழைய துப்பாக்கியை ஓடிப்போய் வாங்கிக்கொண்டு நெருங்கினார். புலியின் திறந்த வாயைக் குறி வைத்தார். குண்டு விலகிப் பாதத்தில் பட்டது. ஏற்கெனவே அடிபட்டு ஓய்ந்திருந்த புலி அதோடு சாய்ந்தது. துப்பாக்கியைப் பார்த்தால், குழலுக்கும் அதை மூடும் கட்டைக்கும் நடுவில் அரை விரல்கடை இடைவெளி! குழல் வெடித்து முகத்தில் அடிக்காமல் போனது அதிர்ஷ்டம்.

இதே நோய்தான் பழைய துப்பாக்கி எல்லாவற்றுக்கும் வரும். மூட்டு ஆடும். குழலுக்குள் இருக்கும் முறுக்கு வரி தேய்ந்து, நம் ஊர் ஈரத்தில் துருவும் பிடித்துவிட்டால் குண்டு நேரே போகாது. பழைய காலத்துத் தோட்டா மருந்தில் உப்புக் கசிவு உண்டு. சுட்டவுடன் வெந்நீர் விட்டுக் கழுவாத குழலை உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று காட்டுவார்கள், உள்ளே விளக்குப் பிடித்துப் பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். இரட்டைக்குழல் என்றால் இன்னொரு தொல்லை. இரண்டு குழலும் ஒரே இடத்தில் குண்டு போடும்படி ஒரு குறிப்பிட்ட மருந்துக்குத்தான் கம்பெனியில் சரிக்கட்டியிருப்பார்கள். வேறு தோட்டா போட்டால் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. தோட்டாவே கிடைக்காவிட்டால் அது வெறும் விறகுக்கட்டை. ஆண்டர்சனின் 1895 மாடலைச் செய்வதை 1940-ஓடு நிறுத்திவிட்டார்கள்.

சுடும்போது உதை வேறு. பிடியைத் தோளோடு அழுத்தி, உடம்பை முன்னால் சாய்த்து நிற்காதவனைத் துப்பாக்கியே தள்ளிவிடும். தோளில் ரத்தம் கட்டும். இதையெல்லாம் தாங்கிச் சுட்டாலும் குண்டு பன்றியோடு நிற்குமா? ரைஃபிள் குண்டு ஒரு மைலுக்கும் அப்பால் போகும். நம் தோட்டத்தில் ஒரு மைலுக்குள் லயம் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிற பெண்கள் இருக்கிறார்கள்.

விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். கார்பெட்டின் இரட்டைக்குழல் .450/400 ஒன்று 2015-இல் அமெரிக்காவில் ஏலம் போனபோது இரண்டு லட்சம் டாலருக்கும் மேல். பழைய துப்பாக்கிக்கு அந்த மதிப்பு. பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஜார்ஜ் ஆர்வெல் 1936-இல் ஒரு கட்டுரை எழுதினார். மதம் பிடித்த யானை ஓர் இந்தியக் கூலியை மிதித்துக் கொன்றது. இவர் யானைத் துப்பாக்கி வரவழைத்துச் சுட்டார். அதற்குப் பிறகு இளவயது வெள்ளைக்காரர் சிலர், ஒரு கூலிக்காக யானையைச் சுடுவதா, யானைக்கு விலை அதிகமாயிற்றே என்று பேசிக்கொண்டார்களாம். அந்தக் கூலி நம்மைப்போலக் கடல் தாண்டிப் பிழைக்கப் போனவன்.

இனிச் சட்டம். இதை அந்தத் தம்பிக்குச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி மாநிலப் போலீஸ் தலைவரின் லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. 1971-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இன்னும் கடுமை: லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தாலே பதினான்கு ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. இரண்டுக்கு மேல் இருந்தால் வியாபாரம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அதற்குத் தண்டனை எங்கே போய் நிற்கும் என்று சொல்லவே நமக்கு வாய் வரவில்லை. "சும்மா பரண் மேல வச்சிருந்தேங்க" என்பது கோர்ட்டில் எடுபடாது. தாத்தா காலத்துத் துப்பாக்கி வீட்டில் அகப்பட்டால்கூட ஒளிக்காமல் போலீஸ் நிலையத்தில் சொல்லிவிடுங்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் பன்றியைச் சுடப் பெர்ஹிலித்தான் இலாகாவின் அனுமதி தனியாக வேண்டும். கம்பிக் கண்ணி வைக்கலாமே என்று நினைக்காதீர்கள், 2010-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் அதுவும் குற்றம்.

பதினான்கு ஆண்டு என்றால் கைக்குழந்தை ஐந்தாம் பாரம் படிக்கும் வயதை நெருங்கிவிடும். அப்பன் இல்லாத வீட்டில் லயத்துச் சாவியை நிர்வாகம் எத்தனை நாள் விட்டு வைக்கும்?

பன்றித் தொல்லைக்கு வழி இருக்கிறது. தோட்டத்துப் பயிரைக் காப்பது நிர்வாகத்தின் பொறுப்பு, தொழிலாளியின் பொறுப்பு அல்ல. எந்தப் பீல்டில், எந்தத் தேதியில், எத்தனை கன்று போயிற்று என்று எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவர் மூலம் மானேஜரிடம் கொடுங்கள். லைசென்ஸ் உள்ள வேட்டைக்காரரை அழைப்பதும், மாநிலப் பெர்ஹிலித்தான் காரியாலயத்துக்குத் தெரிவிப்பதும் அவர்கள் வேலை. ஆள் வந்து சுடும் நாளில் எந்தப் பக்கம் வெட்டுக்குப் போகக்கூடாது என்பதைப் பெரட்டிலேயே அறிவிக்கச் சொல்லுங்கள். கடிதத்துக்கு நகல் எடுத்து, வாங்கியவரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.