துருவை வெல்லும் செடியைத் தேடி

1869ஆம் ஆண்டு இலங்கையின் காப்பித் தோட்டங்களில், இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் துகள் படிந்த புள்ளிகள் கண்டறியப்பட்டன. ‘ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ்’ என்னும் பூஞ்சை விளைவித்த இலைத்துரு நோயே அது. நனைந்த இலையில் முளைக்கும் இப்பூஞ்சை இலைகளை உதிரச் செய்கிறது. இலையிழந்த செடி அடுத்த பருவத்தில் காய்க்கும் வலிமையை இழக்கிறது. சில பத்தாண்டுகளில் இலங்கை காப்பியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியது. தமிழகத்திலிருந்து சென்ற தோட்டத் தொழிலாளர்களின் வாழ்வும் அதனோடு மாறியது.

தென்னிந்தியாவிலும் அராபிகா காப்பி இந்நோயால் நலிந்தது. எனவே, கருநாடகத்தின் பாலேஹொன்னூரில் 1925இல் ஆய்வு நிலையம் தோன்றியது. அங்கு உருவான ‘எஸ்.795’ என்னும் வகை, துருவைத் தாங்கும் திறனாலும் நறுஞ்சுவையாலும் உழவர்களிடையே பரவியது. பின்னர், திமோர் தீவில் அராபிகாவும் ரோபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து பிறந்த செடி, ஆய்வாளர்களுக்குப் புதிய வாயிலைத் திறந்தது. ரோபஸ்டாவின் எதிர்ப்புத்திறன் அதன்வழி அராபிகாவுக்கு வந்தது. ‘காவேரி’, ‘சந்திரகிரி’ ஆகிய வகைகள் இவ்வழி வந்தவையே.

எதிர்ப்புத்திறன் மிக்க வகையை நட்டால் மருந்துச் செலவு குறையும். ஆயினும், அதற்கு உழவர் தரும் விலையும் உண்டு. பழைய செடிகளை அகற்றிப் புதியன நட்டால், மூன்று நான்கு ஆண்டுகள் போதிய வருவாய் இராது. சிறு நிலம் உடையவருக்கு இது பெருஞ்சுமை. குட்டையாக வளரும் ‘காவேரி’யை நெருக்கமாக நடலாம், அது விரைவில் மிகுதியாகக் காய்க்கும். ஆனால், உரமும் பராமரிப்பும் குறைந்தால் காய்ச்சுமை தாளாமல் அதன் கிளைகள் கருகும். துருவைத் தாங்கும் செடி, தண்டைக் குடையும் வெள்ளைத் துளைப்பானையும் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. சுவை குறைந்தால் சந்தை விலையும் குறையும்.

இவற்றினும் பெரிய இடர், பூஞ்சையும் மாறிக்கொண்டே இருப்பதாகும். ஒரே வகை பரந்த நிலத்தில் நிலைபெறும்போது, அதன் எதிர்ப்பை வெல்லும் புதிய துரு இனங்கள் தோன்றிப் பெருகுகின்றன. ‘எஸ்.795’, ‘காவேரி’ ஆகிய இரண்டும் காலப்போக்கில் தம் எதிர்ப்புத்திறனை இழந்தமை இதற்குச் சான்று.

ஆகவே, ஒரே வகையை நம்பி முழுத் தோட்டத்தையும் மாற்றுவது அறிவுடைமையன்று. பகுதி பகுதியாகப் புதுநடவு செய்தல், பல வகைகளைப் பேணுதல், நிழலை அளவாக வைத்தல், கவாத்து செய்தல், மழைக்கு முன்னர் போர்டோ கலவை தெளித்தல் ஆகியன இணைந்தே பயன் தரும். ஆய்வாளர் தரும் நல்ல விதை காலத்தை ஈட்டித் தருகிறது. அக்காலத்தை வீணாக்காமல் காப்பது உழவரின் கைத்திறன்.