எதிர்ப்பன்று, பொறை

'ஒவ்வு' என்னும் வினையின் எதிர்மறையில் பிறந்தது ஒவ்வாமை. 1906இல் வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே படைத்த 'அலர்ஜி' என்பதினும் நம் சொல் தெளிவானது என்பேன்.

மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குப் புலப்படாத உண்ணி நஞ்சன்று. சிலருடைய உடலோ அதன் கழிவைப் பகையெனக் கருதி ஐஜிஈ எனும் எதிர்ப்பொருளைத் திரட்டுகிறது. தும்மலும் இளைப்பும் அதன் விளைவு.

1911இல் இலண்டனில் லியோனார்ட் நூன், ஒவ்வாத புல் மகரந்தத்தின் சாற்றையே நோயாளிகளுக்குச் சிறுகச் சிறுகக் கூட்டி ஊசிவழிச் செலுத்தினார். இன்றைய முறைக்கும் அதுவே அடிப்படை. ஊசியாகவோ நாவினடியில் இடும் மருந்தாகவோ பொதுவாக மூன்றாண்டேனும் தொடர்கிறது. அதற்குள், எதிர்வினையை அடக்கும் டி அணுக்கள் வலுப்பெறுகின்றன; ஐஜிஜி4 எனும் வேறோர் எதிர்ப்பொருள், ஐஜிஈயை முந்திக்கொண்டு ஒவ்வாப்பொருளைப் பற்றிவிடுகிறது.

இதனை 'எதிர்ப்பாற்றல் சிகிச்சை' என்று எழுதினால், எதிர்ப்பை மிகுவிக்கும் மருத்துவம் என்றே மாணவர் கொள்வர். உண்மையில் வளர்வது பொறை. ஆகவே 'பொறைச் சிகிச்சை' எனலாம் என்பது என் கருத்து. பொறை ஒருநாளில் வருவதன்று. ஊசியிட்டபின் அரைமணி நேரம் மருத்துவர் பார்வையில் இருக்கச் சொல்வதும், உடல் மீண்டும் பகைத்துக் கடுமையாகச் சீறக்கூடும் என்பதனால்தான்.